ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: மறக்க முடியாத முதல் போருக்குத் தயாராவது எப்படி

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்று ஆளுக்கொரு இடத்தில் இருக்கும் நண்பர்கள் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கம்ப்யூட்டர் போர் விளையாட்டின் லாபியில், அதாவது ஆட்டத்துக்கு முன் எல்லோரும் நெட்டில் கூடும் அறையில், சேருகிறார்கள். புதிதாக வந்தவருக்குப் பதினைந்தாவது நிமிடத்திலேயே ஆட்டம் முடிந்துவிடுகிறது. எதிரி எங்கிருந்து வந்தான், எதனால் தன் ஆட்கள் செத்தார்கள் என்றே அவருக்குத் தெரியாது. இரண்டு வாரம் இப்படியே போனால் அப்புறம் கூப்பிட்டாலும் வர மாட்டார்.

வருஷக் கணக்காகப் பேசிக்கொள்கிற மாதிரி ஒரு போர் அமைய வேண்டும் என்றால், அந்தச் சண்டைக்கு இருபது நிமிடம் முன்பே உங்கள் டவுன் சென்டரில், அதாவது வேலையாட்களான வில்லேஜர்களை உருவாக்கும் நடுக் கட்டடத்தில், வேலை சரியாக நடந்திருக்க வேண்டும். அதனால் இந்தக் கட்டுரையில் வாளைவிட ஆட்டுக்கும் மரத்துக்கும்தான் இடம் அதிகம். வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. வாங்குவதற்கு முன்

வாங்க வேண்டியது 2019 நவம்பரில் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன். யாரோ பென் டிரைவில் கொடுத்த பழைய பதிப்பை வைத்துக்கொண்டு இதில் ஆடுபவர்களோடு சேர முடியாது. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் கணக்கு திறக்க ஒரு மெயிலும் போன் நம்பரும் போதும். பணத்தை யுபிஐ மூலமே கட்டலாம். அவசரம் இல்லையென்றால் ஸ்டீமின் பருவகாலத் தள்ளுபடிக்குக் காத்திருங்கள், விலை நன்றாகவே இறங்கும். வாங்கிய பிறகு உங்கள் மெஷினில் ஓடவில்லை என்றால் 14 நாளுக்குள், மொத்த ஆட்ட நேரம் 2 மணிக்குள் இருக்கும்போதே திருப்பிக் கேளுங்கள். லாபியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த நேரமும் கணக்கில் ஏறும்.

ஒரு காப்பி வாங்கி நாலு பேர் ஒரே நேரத்தில் ஆட முடியாது. பழைய பிரௌசிங் சென்டர் நாட்களில் ஒரே சிடியில் எல்லா மெஷினிலும் ஏற்றி, நெட் இல்லாமல் கேபிள் போட்டு ஆடியது இங்கே நடக்காது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் காப்பி, நெட் மூன்றும் வேண்டும். ஒருவர் ஸ்டீமிலும் இன்னொருவர் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தாவிலும் இருந்தால் பிரச்சினை இல்லை, இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து ஆடும்.

ஆடத் தேர்ந்தெடுக்கக்கூடிய திராவிடர்கள் என்ற நாகரிகத்துக்காகவே நிறைய பேர் வாங்குகிறார்கள். அது அடிப்படை கேமில் கிடையாது. 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கத்தைத் தனியாக வாங்க வேண்டும். ராஜேந்திர சோழனின் கேம்பெயினும் (தனியாக ஆடும் கதைத் தொடர்) அதில்தான் வருகிறது. மெனுவுக்குத் தமிழ் இல்லை, இந்தி இருக்கிறது. ஆனால் திராவிடப் படையின் ஆட்களைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் சொல்வார்கள். முதன்முதலாகக் கேட்கும்போது மயிர்க்கூச்செறியும்.

2. மெஷின், நெட், கரண்ட்

விண்டோஸ் 10, 4 ஜிபி ரேம், 30 ஜிபி காலி இடம் என்பது குறைந்தபட்சம். நிம்மதியாக ஆட 8 ஜிபி ரேம் வேண்டும். கூடுதல் கிராஃபிக்ஸ் பேக் இலவசமாகக் கிடைக்கிறதே என்று இறக்காதீர்கள். சாதாரண லேப்டாப்புக்கு அது வெறும் சுமை. முதலில் கேமுக்குள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க் சோதனையை ஓட்டுங்கள். 1000 புள்ளிக்கு மேல் வந்தால்தான் ரேங்க் போட்டிகளில் சேர விடும்.

இந்த கேமில் எல்லா மெஷினும் ஒரே கணக்கைத்தான் சேர்ந்து போட்டுக்கொண்டே போகின்றன. எட்டுப் பேரில் ஒருவருடைய லேப்டாப் திணறினால் எட்டுப் பேருக்கும் ஆட்டம் மெதுவாகும். மே மாதத்தில், மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில், மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து ஆடினால் அரை மணியில் சூடேறி வேகம் குறைந்துவிடும். மரப்பலகை மேல் வையுங்கள், பின்பக்கத்தை உயர்த்துங்கள், டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்புங்கள். லாபியில் ஆள்தொகை வரம்பு 200 என்று இருப்பதை 150 ஆகக் குறைத்தால் பழைய மெஷின்களும் கடைசிவரை தாங்கும்.

கரண்ட் போனால் லேப்டாப் நிற்காது, மோடம்தான் நின்றுவிடும். ஆட்டம் அறுபடுவது பெரும்பாலும் இதனால்தான். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து அதற்குப் பொருந்துவதை வாங்குங்கள். வைஃபையைவிட லேன் கேபிள் நல்லது. பத்து மீட்டர் கேபிளைச் சுவரோரமாக இழுத்துவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

3. முதல் வாரம் நண்பர்களோடு ஆடாதீர்கள்

முதலில் வில்லியம் வாலஸ் கேம்பெயின். மௌஸைப் பிடிப்பதிலிருந்து கற்றுக்கொடுக்கும், இரண்டு மாலையில் முடிந்துவிடும். அடுத்து ஆர்ட் ஆஃப் வார் என்ற பயிற்சிகள். ஒவ்வொன்றிலும் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கம் உண்டு. பொருளாதாரப் பயிற்சியில் வெள்ளி வாங்கும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். அப்புறம் கம்ப்யூட்டரோடு ஆடுங்கள். ஸ்டாண்டர்ட், மாடரேட் என்று படிப்படியாக ஏறி ஹார்டை ஜெயித்த பிறகு நண்பர்களிடம் வாருங்கள்.

நாகரிகம் தேர்ந்தெடுக்கும்போது ஃபிராங்க்ஸில் தொடங்குங்கள். குதிரைப்படைக்கு 20 சதவீதம் கூடுதல் உயிர், வயல் மேம்பாடுகள் இலவசம், கோட்டைக்கும் கல் குறைவாகச் செலவாகும். திராவிடர்களைப் பாசத்தில் எடுத்தவர் நைட் என்ற கவசக் குதிரை வீரரை உருவாக்கச் சொல்லும் வீடியோவைப் பார்த்துக்கொண்டே ஆடி, லாயத்தைக் கட்டி முடித்த பிறகு நைட் பட்டனைத் தேடிக்கொண்டிருப்பார். திராவிடர்களுக்கு நைட்டே கிடையாது. அவர்கள் பலம் கடலிலும் காலாட்படையிலும் யானையிலும் இருக்கிறது. காலாட்படையை உருவாக்கும் பேரக்ஸ் கட்டடத்தின் மேம்பாடுகள் பாதி விலை, ஒவ்வொரு யுகம், அதாவது ஆட்டத்தின் அடுத்த கட்டம், ஏறும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கும். அதைப் பயன்படுத்தத் தெரிந்த பிறகு எடுங்கள், அருமையான படை.

4. முதல் பதினொன்றரை நிமிடம்

கையில் இருப்பது 200 உணவு, 200 மரம், 100 தங்கம், 200 கல், மூன்று வில்லேஜர், ஒரு குதிரை வீரன். வில்லேஜர் ஒருவருக்கு 50 உணவு, 25 விநாடி. டவுன் சென்டர் ஒரு விநாடிகூடச் சும்மா நிற்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாலே புதியவர்களில் பாதிப் பேரை முந்திவிடுவீர்கள்.

ஆரம்பத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம், ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறீர்கள். அதனால் ஆட்டம் தொடங்கியதும் இரண்டு பேர் ஒரு வீட்டையும் ஒருவர் இன்னொரு வீட்டையும் கட்டட்டும். வீடு ஒன்றுக்கு 25 மரம், ஐந்து பேருக்கு இடம். குதிரை வீரனை டவுன் சென்டரைச் சுற்றி வட்டமாக ஓட்டி ஆடுகளைக் கண்டுபிடியுங்கள்.

அப்புறம் இந்தக் கணக்கு. முதல் ஆறு வில்லேஜர்கள் ஆட்டுக்கு. அடுத்த நாலு பேர் மரத்துக்கு, 100 மரத்தில் லம்பர் கேம்ப் (மரம் சேர்க்கும் இடம்) போட்டு வெட்டட்டும். பதினோராவது ஆள் காட்டுப்பன்றிக்கு. அடுத்த நாலு பேர் பெர்ரிச் செடிக்கு, பக்கத்திலேயே 100 மரத்தில் மில் (உணவு சேர்க்கும் இடம்). அதற்கடுத்த மூன்று பேர் டவுன் சென்டருக்குக் கீழே இறைச்சிக்கு. மீதி ஆறு பேரும் மரத்துக்கு. ஆக 24 வில்லேஜர்கள், அதில் பத்துப் பேர் மரத்தில். நடுவில் 50 தங்கத்துக்கு, வில்லேஜரின் உயிரைக் கூட்டும் லூம் என்ற மேம்பாட்டைப் போடுங்கள். இடைவெளியே விடாமல் செய்தால் 9 நிமிடம் 10 விநாடியில் அடுத்த கட்டமான ஃபியூடல் யுகத்துக்கு 500 உணவு கொடுத்து அழுத்தலாம். ஏற 130 விநாடி ஆகும், 11 நிமிடம் 20 விநாடியில் போய்ச் சேருவீர்கள். கைதேர்ந்தவர்கள் இதைவிட ஒன்றரை நிமிடம் முன்பே போவார்கள். உங்களுக்கு இப்போது இது போதும், 13 நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்டுப்பன்றியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், புதியவர்களின் முதல் சாவு இங்கேதான். ஒரு பன்றியில் 340 உணவு இருக்கிறது, மூன்று ஆட்டைவிட அதிகம். ஆனால் வில்லேஜருக்கு 25 உயிர்தான், லூம் போட்டால் 40. ஒருவரை மட்டும் அனுப்பி ஒரு அம்பு விடச் சொல்லுங்கள். பன்றி திரும்பியதும் வந்த வழியிலேயே டவுன் சென்டருக்கு ஓட்டி வாருங்கள். வழியில் வேறு வேலை பார்க்கப் போய்விட்டால் ஆள் போச்சு. பன்றி டவுன் சென்டர் நிழலுக்கு வந்த பிறகுதான் ஆட்டிலிருக்கும் ஆறு பேரையும் அதன்மேல் ஏவ வேண்டும். ஓடி வந்தவரை டவுன் சென்டருக்குள் நுழைத்து உடனே வெளியே விடுங்கள். டவுன் சென்டருக்கு வெகுதூரத்திலேயே பன்றியைக் கொன்றுவிடுவது இன்னொரு தவறு. அங்கிருந்து சுமந்து வருவதற்குள் இறைச்சி அழுகி வீணாகும். முதல் பன்றியில் கடைசிக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே இரண்டாவதற்கு ஆள் கிளம்ப வேண்டும்.

வீடு போட மறப்பது அடுத்த பொறி. மேலே ஆள்தொகை எண் மினுங்க ஆரம்பித்தால் ஏற்கெனவே தாமதம். வரம்பைத் தொட இன்னும் இரண்டு பேர் இருக்கும்போதே அடுத்த வீட்டுக்கு ஆளை அனுப்புங்கள்.

5. காசில் யுகம்வரை

ஃபியூடல் வந்ததும் மர வெட்டுக்கான டபுள் பிட் ஆக்ஸ், விலை 100 உணவு, 50 மரம். வயல்கள் ஒவ்வொன்றும் 60 மரம். அதற்கு அடுத்த காசில் யுகம் ஏற 800 உணவு, 200 தங்கம், இரண்டு ஃபியூடல் கட்டடங்கள் வேண்டும். பேரக்ஸ் இந்தக் கணக்கில் வராது, அது முந்தின யுகத்துக் கட்டடம். வில்லாளிகளை உருவாக்கும் ஆர்ச்சரி ரேஞ்ச் 175 மரம், ஆயுத மேம்பாட்டுக்கான பிளாக்ஸ்மித் 150 மரம் என்று இரண்டும் கட்டிவிட்டால் போதும், படைக்கும் உதவும். 35 வில்லேஜர்கள் சேரும்போது அழுத்துங்கள். ஏற 160 விநாடி.

6. போர்க்களத்தைப் பேசி முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் சேர்ந்த ராத்திரிக்கு அராபியா என்ற மேப் வேண்டாம், திறந்த வெளி, ஆறாவது நிமிடத்திலிருந்தே தொந்தரவு தொடங்கலாம். அரீனா எடுங்கள். எல்லோரையும் சுற்றிக் கல் மதில் ஏற்கெனவே இருக்கும், பெரிய படை சேர்க்க நேரம் கிடைக்கும். அதற்கும் மேல் பயமிருந்தால் லாபியில் ட்ரீட்டி என்ற அமைப்பில் 20 நிமிடம் வையுங்கள். அதுவரை யாரும் யாரையும் தாக்க முடியாது. ஆனால் ட்ரீட்டியை 40 நிமிடம் வைத்தால் எல்லோரும் கோட்டையும் மதிலுமாகக் கட்டித் தள்ளி, ஆட்டம் விடியற்காலைவரை இழுக்கும்.

7. படையின் விலை

எதிரி என்ன செய்கிறான் என்று பார்க்காமல் படை சேர்க்காதீர்கள். பதினெட்டாவது நிமிடத்தில் ஒரு குதிரையை அனுப்பி அவன் கட்டடங்களைப் பார்த்துவிட்டு வரச் செய்யுங்கள். லாயம் இரண்டு இருந்தால் நைட் வருகிறது. அதற்கு ஈட்டிக்காரர்கள், ஒருவர் 35 உணவு, 25 மரம், தங்கமே வேண்டாம். ஆர்ச்சரி ரேஞ்ச் மூன்று இருந்தால் வில்லாளிகள். அதற்கு ஈட்டி எறியும் ஸ்கர்மிஷர், 25 உணவு, 35 மரம், இதற்கும் தங்கம் வேண்டாம். தங்கம் மிச்சமானால் கல் வீசும் மேங்கனல், 160 மரம், 135 தங்கம்.

முப்பது வில்லாளி என்றால் 750 மரம், 1350 தங்கம். அவர்களைக் குறுக்குவில் வீரர்களான கிராஸ்போ ஆக்க இன்னும் 125 உணவு, 75 தங்கம். இருபது நைட் என்றால் 1200 உணவு, 1500 தங்கம். இந்த எண்ணிக்கை பலரைத் திகைக்க வைக்கும். எட்டுப் பேர் தங்கத்தில் இல்லாமல் இதைக் கட்ட முடியாது. நேரமும் அப்படித்தான். கிராஸ்போ ஒன்றுக்கு 27 விநாடி. ஒரு ரேஞ்சில் முப்பது பேர் வர பதிமூன்றரை நிமிடம், மூன்று ரேஞ்சில் நாலரை நிமிடம். தங்கம் ஆயிரத்துக்கு மேல் குவிந்து கிடக்கிறதென்றால் உங்களிடம் கட்டடம் போதவில்லை என்று அர்த்தம்.

பிளாக்ஸ்மித் மேம்பாடு போடாத படை அப்படியே மாட்டிக்கொள்ளும். வில்லாளிகளுக்கு ஃப்ளெட்சிங் 100 உணவு, 50 தங்கம், பாட்கின் 200 உணவு, 100 தங்கம். யூனிவர்சிட்டியில் பாலிஸ்டிக்ஸ் 300 மரம், 175 தங்கம். இது இல்லாமல் ஓடும் குதிரையின்மேல் விடும் அம்பெல்லாம் அது முன்பு நின்ற இடத்தில் போய் விழும்.

8. மோதும் நேரம்

மேட்டைப் பிடியுங்கள். மேலிருந்து அடித்தால் 25 சதவீதம் கூடுதல் சேதம், கீழிருந்து அடித்தால் 25 சதவீதம் குறைவு. ஒரே அளவு படைகள் மோதும்போது இது மட்டுமே முடிவைத் தீர்மானித்துவிடும்.

மதிலில் ஒரு ஓட்டை மட்டும் போட்டு அதன் வழியே நாற்பது பேரையும், கட்டடம் இடிக்கும் கருவிகளான ராம்களையும் நுழைக்காதீர்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற மாதிரி வரிசை கட்டி நின்று, முன்னால் இருப்பவர் மட்டும் அடி வாங்குவார். குறைந்தது மூன்று இடத்தில் உடைத்து, அகலமாக நுழையுங்கள்.

மேங்கனல் கல்லை வீசும் நொடியை உற்றுப் பாருங்கள். அதன் கை மேலே எழும்பிக் கல் காற்றில் கிளம்பும், விழ ஒரு கணம் ஆகும். முப்பது கிராஸ்போ நெருக்கமாக நின்றால் இரண்டு கல்லில் பாதிப்பேர் காலி. கல் கிளம்பியதும் படையை இரண்டாகப் பிரித்து இடமும் வலமும் நகர்த்துங்கள், அது வெறும் மண்ணில் விழும். அடுத்த கல்லுக்கு அது தயாராவதற்குள் நாலு நைட்டை அதன்மேல் பாய விடுங்கள். உங்கள் மேங்கனலுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அது உங்கள் ஆட்களையும் சேர்த்தே அடிக்கும். உங்கள் ஈட்டிக்காரர்கள் எதிரியோடு பின்னிக்கொண்ட பிறகு அதை நிறுத்திவையுங்கள்.

படையை முன்கூட்டியே குழுக்களாக எண் போட்டுக்கொள்ளுங்கள். கன்ட்ரோல் பட்டனோடு 1 வில்லாளிகள், 2 குதிரைகள், 3 முற்றுகைக் கருவிகள். எல்லோரையும் ஒன்றாக இழுத்து அனுப்பினால் குதிரைகள் முதலில் போய்ச் சாகும், ராம்கள் சண்டை முடிந்த பிறகு வந்து சேரும். ராமுக்குள் காலாட்படையை ஏற்றினால் வேகம் கூடும். அம்புகள் ராமை ஒன்றும் செய்யாது, வாள்காரர்கள்தான் உடைப்பார்கள். கோட்டையை ட்ரெபுஷே என்ற பெரிய கல்வீச்சுக் கருவி கொண்டு தூரத்தில் இருந்தே அடியுங்கள், அதன் வீச்சு 16 கட்டம்.

சண்டை நடக்கும் இருபது விநாடியும் வில்லேஜர்களை மறந்துவிடுவது புதியவர்களின் பெரிய இழப்பு. ஐந்து விநாடிக்கு ஒருமுறை டவுன் சென்டரையும் ரேஞ்சுகளையும் ஹாட்கீயால், அதாவது கீபோர்டு பட்டனால், தொட்டுப் புதிய ஆட்களுக்கு உத்தரவு போடுங்கள். புதிய படை வந்து கூடும் இடத்தை முன்பே போர்க்களத்துக்குப் பின்னால் வைத்துவிடுங்கள்.

9. ஃபாலோ போடுங்கள்

கேரம் ஆடும் நம் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரே வரியில் விளங்கும். ரெட் எடுத்துவிட்டு ஃபாலோ போடாமல், அதாவது அடுத்து இன்னொரு காயையும் போடாமல், விட்டால் ரெட் பலகைக்குத் திரும்பிவிடும். எதிரியின் படையை அழித்துவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அவனுக்கு வயல்கள் இருக்கின்றன, ஐந்து நிமிடத்தில் அதே அளவு படை வரும். ராம் மூன்று, 480 மரம், 225 தங்கம், சண்டைக்கு முன்பே வரிசையில் இருக்க வேண்டும். முதலில் அவனுடைய வில்லேஜர்களைத் தங்கச் சுரங்கத்திலிருந்து துரத்துங்கள், அப்புறம் படை உருவாகும் கட்டடங்கள், கடைசியில் டவுன் சென்டர். ஒரு மாங்க்கை (துறவியை), 100 தங்கத்துக்கு, பின்னாலேயே அனுப்பிக் காயமானவர்களைத் தேற்றுங்கள். வழியில் கிடக்கும் ரெலிக் என்ற புனிதச் சின்னத்தைத் தூக்கி உங்கள் மடாலயத்தில் வைத்தால் நிமிடத்துக்கு 30 தங்கம் வந்துகொண்டே இருக்கும்.

10. ரெக்கார்டைப் பத்திரப்படுத்துங்கள்

நல்ல போர் நடந்த ராத்திரியில் இதைச் செய்யாமல் தூங்காதீர்கள். ரெக்கார்ட் கேம் என்ற அமைப்பு இயங்குகிறதா என்று ஆட்டத்துக்கு முன்பே பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் கோப்பு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். விண்டோஸில் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் கேம்ஸ், அதற்குள் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டிஇ, அதற்குள் நீளமான எண் பெயர் கொண்ட ஃபோல்டர், அதற்குள் சேவ்கேம். பெயர் எம்பி ரீப்ளே என்று தொடங்கும், தேதியும் நேரமும் உள்ளே இருக்கும்.

இது வீடியோ இல்லை, யார் எப்போது எதை அழுத்தினார்கள் என்ற குறிப்பு மட்டும்தான். அதனால் அளவு சின்னது, வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பிவிடலாம். அதே காரணத்தால்தான் பெரிய அப்டேட் வந்த பிறகு பழைய ரெக்கார்ட் பெரும்பாலும் சரியாக ஓடுவதில்லை, கணக்கு மாறிவிடுகிறது. ஆகவே அடுத்த அப்டேட் வருவதற்குள் ஓட்டிப் பார்த்து, முக்கியமான ஐந்து நிமிடத்தைத் திரைப்பதிவாக எடுத்துவிடுங்கள். கேப்ச்சர் ஏஜ் என்ற இலவசக் கருவியில் போட்டால் இரு தரப்பின் ஆள்கணக்கும் வரவு செலவும் ஒரே திரையில் தெரியும்.

முதல்முறை பார்க்கும்போது எதிரியின் பக்கத்திலிருந்து பாருங்கள். எந்த நிமிடத்தில் அவனிடம் உங்களைவிட ஐந்து வில்லேஜர்கள் கூடினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தில் உங்கள் டவுன் சென்டர் என்ன செய்துகொண்டிருந்தது என்று திரும்பிப் போய்ப் பாருங்கள். கோப்பின் பெயரை மாற்றி, தேதியும் மேப்பும் ஆடியவர்களின் பட்டப்பெயர்களும் சேர்த்து எழுதி, பென் டிரைவில் ஒரு பிரதியும் மெயிலில் ஒரு பிரதியும் வைத்துவிடுங்கள்.